பேஸ்பால் பேட்டிங்கை ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பல பெண் குழந்தைகள் முதலில் லிட்டில் லீக் எனும் சிறுவர் பேஸ்பாலில் தொடங்கி, பத்து பன்னிரண்டு வயதில் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலுக்கு மாறுகிறார்கள். மைதான ஓரத்தில் பெற்றோரும் புதிய பயிற்சியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம். பந்தைக் கையைக் காற்றாலை போலச் சுழற்றிக் கீழிருந்து வேகமாக வீசும் விண்ட்மில் ஆட்டம் பற்றியது மட்டுமே இது. வளைத்துத் தூக்கிப் போடும் ஸ்லோபிட்ச் வேறு சங்கதி.

பேஸ்பால்ல வெளுத்து வாங்கிட்டிருந்த பொண்ணு, சாஃப்ட்பால் வந்ததும் ஏன் இப்படித் திணறுறா?

திறமை எங்கும் போகவில்லை, நேரம்தான் போய்விட்டது. லிட்டில் லீக்கில் 12 வயது வரை பிட்சர் (பந்து வீசுபவர்) 46 அடி தூரத்திலிருந்து வீசுகிறார். அதே வயது சாஃப்ட்பாலில் தூரம் 40 அடி. இரண்டு இடத்திலும் பிட்சர் ஓர் எட்டு வைத்து முன்னால் வந்துதான் பந்தை விடுவார், அதனால் பந்து பறக்கும் தூரம் இன்னும் குறைவு. மணிக்கு 50 மைல் பந்து என்று வைத்துக்கொண்டால், பேஸ்பாலில் அது பேட்டர் பக்கத்தில் தரையில் இருக்கும் பிளேட்டுக்கு வர ஏறக்குறைய 0.57 விநாடி ஆகும், சாஃப்ட்பாலில் 0.47. பத்தில் ஒரு பங்கு விநாடி சின்னதாகத் தெரியலாம். ஆனால் மட்டை நகரத் தொடங்கியதிலிருந்து பந்தைத் தொடும்வரை ஆகும் மொத்த நேரமே 0.15 விநாடி அளவுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் பந்து புறப்படும் உயரம். பேஸ்பாலில் மேட்டின் மீது (லிட்டில் லீக்கில் 6 அங்குலம், பெரியவர்களுக்கு 10) நின்று தலைக்கு மேலிருந்து வீசுகிறார்கள், பந்து கீழே இறங்கி வரும். சாஃப்ட்பாலில் மேடே கிடையாது. சமதரையில் நின்று இடுப்புக்குப் பக்கத்திலிருந்து விடுகிறார்கள். இத்தனை வருஷம் மேலிருந்து வரும் பந்துக்குப் பழகிய கண் முதல் சில வாரங்களுக்குத் தப்பான இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மணிக்கு 65 மைல்னா மெதுவான பந்துதானே? பேஸ்பால்ல 95 போடுறாங்களே?

வேகத்தைத் தூரத்தோடு சேர்த்துப் பாருங்கள். கல்லூரியிலும் சர்வதேசப் பெண்கள் ஆட்டத்திலும் பிட்சிங் தூரம் 43 அடி, பந்து பறப்பது சுமார் 37 அடி. 65 மைல் பந்து அதை 0.39 விநாடியில் கடக்கிறது. 60 அடி 6 அங்குல பேஸ்பால் தூரத்தில் 95 மைல் பந்துக்கும் அதே 0.39 விநாடிதான். 70 மைல் சாஃப்ட்பால் வந்தால் அது 103 மைல் பேஸ்பாலுக்குச் சமம். அமெரிக்க சாஃப்ட்பால் பிட்சர் மோனிகா அபாட் 2012-இல் வீசிய 77 மைல் பந்தை இதே கணக்கில் போட்டால் 113 மைல் வரும். அந்த வேகத்தில் பேஸ்பால் வீசிய மனிதர் இல்லை.

2004-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச் வீச, ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாட்சா, பிரையன் ஜைல்ஸ் மூவரும் பந்தை அடிக்க முடியாமல் ஸ்டிரைக் அவுட் ஆனார்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீக்கின் முதல்தர பேட்டர்கள். கை பலத்திலோ மட்டை வேகத்திலோ அவர்களுக்கு என்ன குறை? பந்து எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று அவர்கள் உடம்பில் பதிந்திருந்த கணக்கு இங்கே செல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்ப ஸ்விங்கையே முதல்லேருந்து மாத்திக் கத்துக்கணுமா?

வேண்டாம். நல்ல சாஃப்ட்பால் பேட்டரின் வீடியோவையும் நல்ல பேஸ்பால் பேட்டரின் வீடியோவையும் மெதுவாக ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை பின்காலில் ஏறுவது, முன்கால் தரையில் ஊன்றுவது, இடுப்பு முதலில் திரும்பி தோளும் கையும் பின்னால் வருவது, முன்முழங்கால் விறைத்து நிற்பது எல்லாம் ஒன்றுதான். சாஃப்ட்பால் ஸ்விங் என்று தனியாக ஒன்று இருப்பதாகச் சொல்லி, இடுப்பைத் திருப்பாமல் கையால் மட்டும் தட்டக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. குழந்தையின் பலத்தில் பாதியை அது தின்றுவிடும்.

மாற்ற வேண்டியவை மூன்று: எப்போது தொடங்குவது, அதற்குமுன் எவ்வளவு அசைவு இருக்கலாம், மட்டை எந்தச் சாய்வில் வருவது. முதலில் கைவைக்க வேண்டியது நேரத்தில். பாதிப் பேருக்கு அதைச் சரிசெய்தாலே மற்றது தானாக அடங்கிவிடும்.

பழைய பேஸ்பால் மட்டை வீட்ல இருக்கு. அதையே வச்சு ஆடலாமா?

ஆட்டத்தில் விடமாட்டார்கள். சாஃப்ட்பால் மட்டையின் தடித்த பகுதி 2¼ அங்குல விட்டத்துக்கு மேல் போகக்கூடாது, நீளம் 34 அங்குலத்துக்கு மேல் கூடாது. பெரியவர்களின் பேஸ்பால் மட்டை 2.6 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சாஃப்ட்பால் மட்டையில் சங்கத்தின் அங்கீகார முத்திரையும் இருக்க வேண்டும். எந்த முத்திரை செல்லும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால், வாங்குவதற்கு முன் பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

எடையும் வேறு. அங்குலத்தில் நீளத்திலிருந்து அவுன்ஸில் எடையைக் கழித்தால் வரும் எண்ணை டிராப் என்பார்கள். உயர்நிலைப் பள்ளிப் பையன்களின் பேஸ்பால் மட்டையில் அது 3. ஃபாஸ்ட்பிட்சில் பெரும்பாலும் 9, 10, 11. பன்னிரண்டு வயதுக்காரிக்கு 30 அல்லது 31 அங்குலம், டிராப் 10 அல்லது 11 என்று தொடங்கலாம். மட்டையை ஒற்றைக் கையில் பிடித்துத் தோள் உயரத்தில் நேராக நீட்டி, பதினைந்து இருபது விநாடி நடுங்காமல் வைத்திருக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் ஒரு அவுன்ஸ் குறையுங்கள்.

பந்து பெருசா இருக்கே, அடிக்க சுலபமா இருக்காதா?

படுவது கொஞ்சம் சுலபம், சரியாகப் படுவது அப்படியில்லை. சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம், எடை 6¼ முதல் 7 அவுன்ஸ். பேஸ்பால் 9 அங்குலத்துக்குச் சற்று மேல், எடை 5 அவுன்ஸுக்குச் சற்று மேல். கனமான பந்தை இலேசான, ஒல்லியான மட்டையால் அடிக்கிறோம். பட்டவுடன் கை தளர்ந்தால் மட்டை பின்வாங்கிவிடும். நுனியிலிருந்து ஐந்து ஏழு அங்குலம் உள்ளே இருக்கும் பகுதியில் பட்டு, அடித்த பிறகும் மட்டை பந்தின் வழியாகவே போக வேண்டும். பட்டதும் மணிக்கட்டை உருட்டிவிடும் பழக்கம் பேஸ்பாலில் சில சமயம் தப்பிக்கும். இங்கே அது நேராக ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்) உருண்டு போகும் பந்து.

பிட்சர் கை சுத்துறதைப் பாத்து எப்ப தொடங்குறதுன்னே புரியல. சரியான நேரம் எது?

பிட்சரின் கையைப் பக்கவாட்டில் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கமாக ஏறி உச்சியில் 12 மணிக்கு வந்து, பின்பக்கமாக இறங்கி 6 மணியில், தொடைக்குப் பக்கத்தில், பந்து கையை விடுகிறது. உச்சியிலிருந்து இறங்கிப் பந்து வெளியே வர ஆகும் நேரம் மிகக் குறைவு. கை உச்சிக்கு வந்தபிறகு எடையைப் பின்காலுக்கு மாற்றத் தொடங்குபவள் எப்போதுமே தாமதம்தான்.

ஆகவே வரிசை இப்படி. பிட்சர் கால்தட்டை (அவர் கால் வைத்து நிற்கும் பலகையை) உதைத்து முன்னே பாயும்போது, அதாவது கை மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, எடை பின்காலுக்குப் போய்விட வேண்டும். கை உச்சியைக் கடக்கும்போது முன்கால் நகரத் தொடங்கும். பந்து கையை விட்டுச் சில அடி வருவதற்குள் முன்காலின் பெருவிரல் பக்கம் தரையைத் தொட்டிருக்க வேண்டும், குதிகால் இன்னும் மேலே. குதிகால் இறங்கும் கணம்தான் ‘அடிக்கிறேன்’ என்ற முடிவு. அடிக்க வேண்டாம் என்று தோன்றினால் குதிகாலை மெல்ல இறக்கிக் கையை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பேஸ்பாலில் பிட்சர் காலைத் தூக்கி நிறுத்துவதைப் பார்த்து ஆற அமரத் தொடங்க முடியும். விண்ட்மில்லில் அந்த நிறுத்தம் இல்லை. சில பிட்சர்கள் கைகளைப் பின்னால் ஆட்டிவிட்டுச் சுற்றுவார்கள், சிலர் ஆட்டாமலே சுற்றுவார்கள். பின்னாட்டத்தைப் பார்த்துத் தொடங்கப் பழகியவள் அது இல்லாத பிட்சரிடம் மாட்டிக்கொள்வாள். எல்லாரிடமும் பொதுவாக இருப்பது கால்தட்டை உதைப்பது ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. தன் முறை வருவதற்குமுன் காத்திருப்பு வட்டத்தில் நின்று, பிட்சரைப் பார்த்தபடி இரண்டு மூன்று பந்துகளுக்குக் கால் ஊன்றுவதை மட்டும் செய்துபார்க்கட்டும்.

காலை உசரத் தூக்கி அடிக்கிறது அவளோட ஸ்டைல். விட்டுடணுமா?

உயரத் தூக்குவது குற்றமில்லை, சரியான நேரத்துக்குள் இறங்காததுதான் பிரச்சினை. பெரிய அசைவுக்கு அதிக நேரம் வேண்டும், அதிக நேரத்துக்கு முன்கூட்டியே தொடங்க வேண்டும், முன்கூட்டியே தொடங்கினால் சேஞ்சப் (அதே கைவேகத்தில் ஏமாற்றி மெதுவாக வரும் பந்து) வரும்போது ஒற்றைக் காலில் தவிக்க வேண்டும். கணுக்கால் உயரம்வரை தூக்கி, நான்கு முதல் ஆறு அங்குலம் முன்னால் வைத்தால் போதும். பெருவிரலைத் தரையிலேயே வைத்து முழங்காலை மட்டும் உள்ளே திருப்பி எடுப்பது இன்னும் சுருக்கமான வழி. இரண்டு ஸ்டிரைக் விழுந்தபிறகு (மூன்றாவது விழுந்தால் அவுட்) மட்டும் இதைப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

கையிலும் இதே கணக்குத்தான். மட்டையின் நுனி தலைக்குப் பின்னால் போய் பிட்சரையே சுட்டிக்காட்டுகிறதா? அங்கிருந்து திரும்பி வரும் தூரத்துக்கு இங்கே நேரமில்லை. கைகள் பின்தோளுக்குப் பக்கத்தில், மட்டை நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் இருந்தால் நல்லது.

கண்ணு எங்க இருக்கணும்? சுத்துற கையையே பாத்துக்கிட்டு இருந்தா தலை சுத்துது.

கையைத் துரத்தாதீர்கள். உச்சியிலிருந்து வேகமாக இறங்கும் பந்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. முயன்றால் பந்து வெளியே வரும் கணத்தில் கண் இன்னும் மேலேயே இருக்கும். முதலில் பிட்சரின் மார்புப் பக்கம் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருந்து, அவர் பாயும்போது பார்வையை வீசும் கைப்பக்க இடுப்புக்கு அருகில் ஒரு சின்ன ஜன்னலில் நிறுத்துங்கள். ஒரு தட்டு அளவு இடம். பந்து அங்கேதான் வெளியே வந்தாக வேண்டும். பேஸ்பாலில் இந்த ஜன்னல் பிட்சரின் தொப்பிக்குப் பக்கத்தில் இருந்தது. இடம் மாறியதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை.

அணியின் பிட்சர் பயிற்சி செய்யும்போது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு பேட்டர் நிற்கும் பாக்ஸில் நின்று, அடிக்காமல் இருபது பந்து பார்ப்பது அருமையான பயிற்சி. ஒவ்வொரு பந்துக்கும் கால் ஊன்றி, அது பிளேட்டைக் கடக்குமுன் ‘மேல்’, ‘கீழ்’, ‘மெது’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காசு செலவில்லாத பயிற்சி என்பதாலோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

ஒருத்தர் கோடாலி மாதிரி மேலேருந்து கீழ வெட்டுங்கிறார், இன்னொருத்தர் கீழேருந்து மேல தூக்குங்கிறார். யாரு சரி?

இருவருமே பாதிதான் சரி. மட்டை, பந்து வரும் பாதையிலேயே கொஞ்ச தூரம் எதிரே போனால், நேரம் சற்று முன்பின் தவறினாலும் எங்காவது படும். வெட்டுவது போல அடித்தால் இரண்டு பாதையும் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கும். ஆகவே கேள்வி, பந்து எந்தச் சாய்வில் வருகிறது என்பது. வேகமான பேஸ்பால் சுமார் 5 அல்லது 6 டிகிரி இறங்கி வரும், கர்வ்பால் 10 டிகிரிக்குப் பக்கத்தில். சாஃப்ட்பாலில் இடுப்பிலிருந்து புறப்பட்டு அதே உயரத்துக்கு வரும் நேரான பந்து, புவியீர்ப்பால் பிளேட்டை நெருங்கும்போது ஏறக்குறைய 4 டிகிரி இறங்குகிறது. டிராப்பால் அதைவிடச் செங்குத்தாக, 6 முதல் 8 டிகிரி இறங்கும். ரைஸ்பால் கிட்டத்தட்டப் படுக்கையாக வரும்.

அதனால் இலேசாக மேல்நோக்கிய, ஆனால் பேஸ்பாலில் பழகியதைவிடச் சற்றுப் படுத்த ஸ்விங் வேண்டும். ஹோம் ரன் ஆசையில் 15 டிகிரி தூக்கி அடிக்கப் பழகியவள் ரைஸ்பாலுக்குக் கீழே விசிறிக்கொண்டே இருப்பாள். வெட்டுவதற்கு ஒரு பயன் உண்டு: சிலர் கை முதலில் தொங்கிப்போய்ப் பின்தோள் சரியும், அவர்களிடம் ‘மேலிருந்து வா’ என்றால் உடம்பு நடுவுக்கு வரும். அந்த நோய்க்கு அந்த மருந்து. எல்லாருக்கும் கொடுத்தால் பந்தின் தலையில் தட்டித் தரையில் உருட்டுவார்கள்.

ரைஸ்பால் நிஜமாவே எழும்புதா, இல்ல கண்ணை ஏமாத்துதா?

கொஞ்சம் இரண்டும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரத்தில் விடப்பட்ட பந்து நெஞ்சு உயரத்துக்கு வந்து சேர்கிறது. ஆக, ஏறித்தான் வருகிறது. பின்சுழற்சியால் காற்று அதைத் தாங்குவதால் எதிர்பார்த்த அளவு விழுவதில்லை. ஆனால் கடைசி நேரத்தில் திடீரென்று மேலே எம்புவது போலத் தெரிவது மட்டும் கண்ணின் வேலை. அந்தக் கனத்துக்குப் புவியீர்ப்பை வெல்லும் அளவு சுழற்சி யாராலும் கொடுக்க முடியாது. விழும் என்று மூளை போட்ட கணக்கைவிட மேலே இருப்பதால் எழும்பியதாகத் தோன்றுகிறது.

அடிக்கும் வழியில் முக்கால்வாசி அடிக்காமல் விடுவது. நல்ல ரைஸ்பால் பிளேட்டைக் கடக்கும்போது பெரும்பாலும் ஸ்டிரைக் எல்லைக்கு வெளியே இருக்கும். பல சங்கங்களின் விதியில் மேல் எல்லை அக்குள், அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் நெஞ்செலும்பின் கீழ்நுனி. பாதி தூரத்தில் பந்து தொப்புளுக்கு மேலே வந்துவிட்டதென்றால் விட்டுவிடலாம் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொப்புளுக்குக் கீழே இருந்து ஏறிவரும் ரைஸ்பால் மட்டுமே அடிக்கத் தக்கது. அதற்குப் பந்தின் மேல்பாதியைக் குறிவைத்து, கைகள் பந்தைவிடத் தாழாமல் அடிக்க வேண்டும். வீட்டில் டீயை (பந்தை மேலே வைத்து அடிக்கும் தாங்கியை) நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, பந்து எதிர்ச் சுவரில் அதே உயரத்தில் போய்ப் படுமாறு அடித்துப் பழகலாம். கூரையில் பட்டால் பின்தோள் சரிகிறது என்று அர்த்தம்.

டிராப்பால் வந்தா எப்பவும் தரையிலேயே உருளுது. என்ன பண்றது?

பெரும்பாலும் இடுப்பை வளைத்துக் கையைக் கீழே நீட்டுவதால் வருவது. உயரத்தை முழங்காலால் குறைக்க வேண்டும், இடுப்பிலிருந்து குனியக்கூடாது. பின்முழங்கால் மடிந்து உடம்பு முழுவதும் ஒரு கைப்பிடி அளவு இறங்கினால், முன் சொன்ன அதே படுத்த ஸ்விங் அப்படியே கீழே வரும். டிராப்பால் செங்குத்தாக இறங்குவதால் இங்கே மேல்நோக்கிய சாய்வு கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை, பேஸ்பாலில் பழகிய ஸ்விங் உதவும் ஒரே இடம் இதுதான். பாக்ஸில் முன்னால் நகர்ந்து நிற்பதும் கைகொடுக்கும், அது அடுத்ததற்கு அடுத்த பதிலில் வருகிறது.

சேஞ்சப்புக்கு ரெண்டு தடவை மட்டை சுத்திட்டா. எப்படித் தடுக்கிறது?

பேஸ்பால் சேஞ்சப் வேகப்பந்தைவிட 8 முதல் 12 மைல் குறைவு. சாஃப்ட்பாலில் 15, சில சமயம் 20 மைல்கூடக் குறையும். 65 மைலுக்குப் பதில் 48 மைல் வந்தால் 0.14 விநாடி வித்தியாசம், ஒரு முழு ஸ்விங்குக்கு ஆகும் நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். முன்னாலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவளுக்குத் திரும்பி வர வழியில்லை.

காப்பாற்றுவது கை. கால் ஊன்றி, எடை நடுவுக்கு வந்தாலும் கைகள் பின்தோளருகே நின்றுவிட்டால் இன்னும் அடிக்கலாம். எடை முன்காலைத் தாண்டாதவரை பயமில்லை. பயிற்சியில் யாராவது பந்து போடும்போது நான்குக்கு ஒன்று மெதுவாக, ஆனால் கை அதே வேகத்தில் சுற்றிப் போடச் சொல்லுங்கள். எந்தப் பந்து மெதுவாக வரும் என்று தெரியக்கூடாது. மெதுவான பந்துக்காகக் காத்திருந்து வேகப்பந்தைப் பிடிக்க முடியாது. வேகப்பந்துக்குத் தயாராகி, மெதுவான பந்துக்குக் கையை நிறுத்துவதே நடக்கிற காரியம்.

பாக்ஸ்ல எங்க நிக்கணும்? பேஸ்பால்ல எப்பவும் கடைசியிலதான் நின்னா.

சாஃப்ட்பால் பாக்ஸ் 7 அடி நீளம், 3 அடி அகலம், பேஸ்பாலினதைவிட நீளம், ஆனால் ஒடுக்கம். பிளேட்டின் நடுவிலிருந்து முன்னால் 4 அடி, பின்னால் 3 அடி. பிட்சர் பக்கம் இவ்வளவு இடம் இருப்பது சும்மா இல்லை. டிராப்பால்காரரிடம் முன்னால் நின்றால் பந்து முழுதும் இறங்குமுன் அடிக்கலாம். வளைந்து வெளியே போகும் பந்துக்கும் அதுவே பொருந்தும். வேகம் மட்டுமே ஆயுதமாக இருப்பவரிடம் பின்னால் நிற்கலாம். ஆனால் 2 அடி பின்னால் போனால் கிடைப்பது 0.02 விநாடிதான். தாமதமாகத் தொடங்குபவளுக்கு அது மருந்தாகாது, முன்னால் சொன்ன கால் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரைஸ்பால்காரரிடம் எங்கே நிற்பது என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஏறுமுன் பிடிக்க முன்னால் போ என்பார்கள் சிலர், தெளிவாக மேலே போவதைப் பார்த்து விடுவதற்குப் பின்னால் நில் என்பார்கள் சிலர். விடத் தெரிந்தவளுக்குப் பின்னால் நிற்பது நல்லது என்பது எங்கள் கட்சி.

வலது கைக்காரிய இடது பக்கம் நின்னு ஓடிக்கிட்டே தட்டச் சொல்றாங்க. இது என்ன கூத்து?

அதற்கு ஸ்லாப் என்று பெயர், பேஸ்பாலில் இதற்கு இணை இல்லை. பேஸ்களுக்கு நடுவே 60 அடிதான், பெரியவர்களின் பேஸ்பாலில் 90. இடது பாக்ஸ் முதல் பேஸுக்கு இரண்டு மூன்று அடி பக்கம். பந்து வரும்போதே பின்காலை முன்காலுக்குக் குறுக்கே எடுத்து வைத்து, பிட்சரை நோக்கி நகர்ந்தபடி பந்தை ஷார்ட்ஸ்டாப் பக்கம் தட்டிவிட்டு ஓடுவது. நல்ல ஓட்டக்காரி மூன்று விநாடிக்குள் முதல் பேஸில் இருப்பாள். தட்டும்போது ஒரு கால் முழுவதும் பாக்ஸ் கோட்டுக்கு வெளியே தரையில் இருந்தால் அவுட். முதல் பேஸை நோக்கிச் சாய்ந்து ஓடும் அவசரத்தில் பெரும்பாலோர் விழும் குழி அதுதான், ஆகவே குறுக்கே எடுத்து வைக்கும் கால் பிட்சரை நோக்கி நேராகப் போக வேண்டும்.

ஓட்டம் இருந்தால் முயலலாம். பலமாக அடிக்கும் பெண்ணை, மின்னல் வேகம் இல்லாதபோது, இடது பக்கம் மாற்றுவது வீண். வலது பக்கத்தில் வரும் இரட்டைப் பேஸ் அடிகளை ஒற்றைத் தட்டலுக்கு விற்பது போல.

பேட்டிங் கேஜ் மெஷின்ல நூறு பந்து அடிக்கிறா. போதாதா?

மெஷின் எங்கே, எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பேஸ்பாலுக்காக வைத்த மெஷினில் பந்து மட்டும் மாற்றிப் போட்டால், தலை உயரத்திலிருந்து இறங்கும் பந்துக்குத்தான் பழகுவாள். பந்து வெளியே வரும் வாய் தரையிலிருந்து 2 முதல் 2½ அடியில் இருக்க வேண்டும். தூரம் 43 அடி என்று நாடா பிடித்து வைப்பதும் தப்பு, பிட்சர் முன்னால் வந்து விடுவதைக் கணக்கில் எடுத்து 37 அடி வையுங்கள். 40 அடி ஆட்டத்துக்கு 34 அல்லது 35. இரண்டு சக்கர மெஷினில் கீழ்ச் சக்கரம் வேகமாகச் சுற்றினால் ரைஸ், மேல்சக்கரம் வேகமானால் டிராப்.

மெஷினில் கை சுற்றுவது கிடையாது என்பது பெரிய குறை. பந்தை இடுபவர் கையை ஒருமுறை முழுதாகச் சுற்றிக்காட்டிவிட்டு இட்டால் காலுக்கு ஏதோ கொஞ்சம் தாளம் கிடைக்கும். குழிக்குழியான மெஷின் பந்துகள் கடினமானவை. விலையுயர்ந்த கார்பன்நார் மட்டையை அங்கே எடுத்துப்போகாதீர்கள், விரிசல் விடும். பழைய அலுமினிய மட்டை போதும்.

எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். வீட்ல நான் பந்து போட்டா உபயோகமா, கெடுதலா?

உபயோகம்தான், ஓவர் ஆர்ம் போடாதவரை. வலைத்தடுப்புக்குப் பின்னால் 25 அடியில் உட்கார்ந்தோ குனிந்தோ, கீழிருந்து மணிக்கு 40 மைல் வேகத்தில் போட்டால் பந்து 0.43 விநாடியில் போய்ச் சேரும், 43 அடியில் 60 மைல் பந்துக்குச் சமம். அந்த வேகம் வராவிட்டால் 20 அடிக்கு நெருங்குங்கள். ஆனால் தடுப்பு இல்லாமல் ஒரு பந்துகூட வேண்டாம், நேராகத் திரும்பி வரும்.

கிரிக்கெட் கண்ணோடு திருத்தப் போகாதீர்கள். முன்முழங்காலை மடக்கிப் பந்தின்மேல் சாயச் சொல்வது, முழங்கையை உயர்த்தி நேர்மட்டை பிடிக்கச் சொல்வது இரண்டும் இங்கே எதிரி. முன்கால் விறைத்து உடம்பைத் தடுத்து நிறுத்தினால்தான் இடுப்பு திரும்பும். பந்தைத் தாமதமாக, உடம்புக்குப் பக்கத்தில் பார்த்து ஆடும் பழக்கம் மட்டும் அப்படியே செல்லும். வெளிப்பந்தை முன்காலுக்குப் பின்னால், தொப்புளுக்கு நேராக விட்டு எதிர்ப்பக்கம் அடிக்க அதுதான் வேண்டும்.

பயிற்சியில எல்லாம் படுது, ஆட்டத்துல மட்டும் படல. பயமா?

பயத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பந்து எங்கே போகிறது என்று ஐந்து ஆட்டத்துக்குக் குறித்து வையுங்கள். வலது கை பேட்டருக்கு ஃபவுல் (மைதானக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) எல்லாம் முதல் பேஸ் பக்கம் என்றால் தாமதம், கால் நேரம். மூன்றாம் பேஸ் பக்கம் என்றால் அவசரம், முன்காலில் விழுகிறாள். பின்னால் நேர்மேலே போகும் ஃபவுல் என்றால் நேரம் சரி, மட்டை பந்துக்குக் கீழே போகிறது, சாய்வைப் பாருங்கள். மட்டை படவே இல்லை, அதுவும் உயரப் பந்துகளுக்கே என்றால் ரைஸ்பாலை விடத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் மேலே பதில் இருக்கிறது, ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள்.

ஒரே சீசன்ல பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஆடுறா. குழம்பிடுமா?

ஸ்விங் ஒன்றுதான் என்பதால் உடம்பு குழம்பாது, கடிகாரம் குழம்பும். சாஃப்ட்பாலிலிருந்து பேஸ்பாலுக்குப் போகும் நாளில் எல்லாவற்றையும் முன்கூட்டியே அடித்து மூன்றாம் பேஸ் பக்கம் இழுப்பாள், திரும்பி வரும் நாளில் தாமதமாவாள். ஆட்டத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில் அந்தந்த ஆட்டத்தின் பந்தை, அந்தந்த உயரத்திலிருந்து பதினைந்து முறை போட்டுக் காலை ஊன்ற வையுங்கள். சாஃப்ட்பால் நாளில் முதல் ஐந்து பந்துகளை அடிக்கவே விடாதீர்கள், இடுப்பு ஜன்னலைப் பார்க்க மட்டும். பையில் இரண்டு மட்டைகளும் இருந்தால் கைப்பிடியில் வேறு நிற டேப் சுற்றிவிடுங்கள். தவறான மட்டையோடு பாக்ஸில் நின்றால், அதை நடுவர் கவனித்துவிட்டால், அடித்த அடியே செல்லாமல் போகலாம்.